தரையிலிருந்து நானே எழுந்தது

எனக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. ஆறு பெற்றேன், நாலு தங்கியது. செத்துப்போன என் கொழுந்தனின் மகனையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். என் பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கிழக்கேகோட்டையை ஒட்டிய கடைத்தெருவில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு பத்தொன்பது வருஷம் அந்தக் கடையில் நான்தான் உட்கார்ந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆகவே இதை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஊரின் ஓரத்தில் கழக்கூட்டம் என்ற பகுதியில் பகல் வீடு என்று ஒன்று இருக்கிறது. வயதானவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சாயங்காலம் அழைத்துக்கொண்டு போகிற இடம். அங்கே புதிதாக வருகிறவர்கள், நீங்கள் எப்படி எழுந்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் யாராவது படித்துக் கொள்ளட்டும்.

போன வருஷம் மழை தொடங்கிய நேரம் எனக்கு இருமல் வந்தது. மழைக்கு எல்லோருக்கும் வருகிற இருமல்தான் என்று சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தேன். பிறகு வலது விலாவில் பிடித்தது. மூச்சை இழுத்தால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். வாய்வு என்று நினைத்துப் பெருங்காயம் சாப்பிட்டேன். அப்போது நான் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில், எங்கள் பழைய வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். மூத்தவன் ஆறுமுகம் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அங்கேயே மூன்றாவது மாடியில் ஃபிளாட். வா வா என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் அதைச் சாக்காக வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

ஒரு நாள் காலையில் பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அரை என்று சொன்ன பிறகு மிச்சத்தைச் சொல்ல மூச்சு இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பால் கேனை வாசலிலேயே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் ஆறுமுகத்துக்கு போன் பண்ணினார்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருப்புதான். சீட்டு எடுக்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை. என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஆறுமுகம் தள்ளினான். வெட்கமாக இருந்தது. கடைத்தெருவில் தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டேன். எக்ஸ்ரே அறையில் இருந்த பையன், நெஞ்சைப் பலகையில் ஒட்டி நில்லுங்கள் என்றான். நிற்க முடியாமல் என் மருமகள் வசந்தாவைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பிடித்தது அதுவே முதல் தடவை. அதுவரை அவள்தான் என்னைப் பார்த்துப் பயப்படுவாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நாகர்கோவிலில் படித்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். இடது பக்கம் கறுப்பாக இருந்தது, அது காற்று. வலது பக்கம் கீழே பாதி வெள்ளையாக இருந்தது. நுரையீரலில் கிருமி பிடித்திருக்கிறது, அதனால் நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே நீர் கோத்திருக்கிறது, அதுதான் மூச்சை அமுக்குகிறது என்றார். நிமோனியா என்று பெயர் சொன்னார். ஆனால் இந்த மாதிரி நீர் டிபியாலும் வரும், அதனால் மூன்று நாள் காலையில் சளியை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

டிபி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. எங்கள் காலத்தில் அது வந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள், அந்த வீட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். எனக்கு எப்படியும் போகட்டும், பேத்திகள் இருக்கிறார்களே என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நான் பாதி குடித்து வைத்த காப்பியை ஆறுமுகம் எடுத்தான். எல்லோரும் பார்க்க, ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். நர்ஸ் பார்த்துவிட்டு மலையாளத்தில் நன்றாகத் திட்டினாள். அவள் திட்டியது நியாயம்தான். ஆனால் அவன் குடித்தது எனக்கு எந்த மருந்தையும்விடத் தெம்பாக இருந்தது. நாலாம் நாள், டிபி இல்லை என்று சீட்டு வந்தது.

நீர் எடுத்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கவிழ்ந்து சாயச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு பெரிய ஊசி உள்ளே போவது வலிக்கவில்லை, யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. இருமக் கூடாது என்றார்கள். இருமக் கூடாது என்றதும்தான் இருமல் வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். சாடியில் எலுமிச்சைச் சாறு நிறத்தில் நீர் இறங்கியது. ஒரு செம்பு அளவு இருக்கும். அது இறங்க இறங்க எனக்கு மூச்சு திரும்பியது. அந்தச் சுகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும். கூட்டிருப்பு என்பார்கள். கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார்கள். எனக்கு வசந்தாவும், நாகர்கோவிலிலிருந்து வந்த என் மகள் செல்வியும் மாறி மாறி இருந்தார்கள். யார் என்னை அதிகமாகக் கவனிக்கிறார்கள் என்று அவர்களுக்குள் போட்டி. ஒருத்தி கஞ்சியை ஊட்டினால் மற்றவள் ஆற்றி ஊட்டுவாள். ஒருத்தி காலைப் பிடித்தால் மற்றவள் எண்ணெய் போட்டுப் பிடிப்பாள். கக்கூஸுக்குக்கூட என்னை இறங்க விடவில்லை, கட்டிலுக்கே பாத்திரம் வந்தது. தரையில் என் கால் படவே இல்லை. வெளியே எடுத்த ஸ்கேனுக்கும் ஊசி மருந்துக்கும் எவ்வளவு பணம் ஆயிற்று என்று கேட்டால் ஆறுமுகம் பேச்சை மாற்றிவிடுவான். எதிர்க் கட்டிலில் இருந்த அம்மா என்னைப் பார்த்து, ராணி மாதிரி இருக்கிறீர்கள் என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு நாள் அப்படியே படுத்திருந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். சேலை மாற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டு இறங்கினேன். கால் தரையைத் தொட்டது, ஆனால் நிற்கவில்லை. முழங்கால் துணி மடிவது போல மடிந்துவிட்டது. செல்வி பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். எலும்பு ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

டாக்டர் வந்து தொடையை அமுக்கிப் பார்த்தார். தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எலும்புக்கு ஒண்ணும் ஆகலை பாட்டி. சதை போயிட்டுது. சின்னப் பிள்ளைங்க ஒரு மாசம் படுத்தாலும் திரும்பி வந்துடும். உங்க வயசுல பத்து நாள் படுத்தாலே தொடையில பாதி கரைஞ்சு போகும். இனி மருந்து இல்லை, வேலைதான்."

பிறகு வசந்தாவையும் செல்வியையும் வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். அவர்கள் திரும்பி வரும்போது முகம் சுண்டிப்போயிருந்தது. அவர்கள் செய்ததெல்லாம் அன்பால் செய்ததுதான். அதைத் தடுக்காமல் ராணி மாதிரி படுத்திருந்தவள் நான்.

ஆறுமுகம் என்னை நேராகக் கழக்கூட்டத்துக்குக் கூட்டிப் போனான். மறுக்க எனக்கு வழி இல்லை. லிஃப்டில் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரோட்டில் லாரி போகிற சத்தம். வசந்தா நல்லவள், ஆனால் நான் கொஞ்சம் அசைந்தால் போதும், ஓடி வந்து அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். டாக்டர் சொன்னாரே என்றால், கீழே விழுந்தால் உங்கள் மகன் என்னைத்தானே கேட்பார் என்பாள். அதுவும் சரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ஆறுமுகம் சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னான். ஓணம் கழிந்ததும் சந்து வீட்டுச் சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று. நான் நாற்பத்தெட்டு வருஷம் இருந்த வீடு. என்னிடம் கேட்கவில்லை, அறிவிக்கிறான்.

"யாரைக் கேட்டுலே சாவி குடுக்கே?" என்றேன்.

"எம்மா, நீ அங்க தனியா விழுந்தா யாரும்மா தூக்குவா? அதை மட்டும் சொல்லு. நீ சொல்லிட்டா நான் சாவியைக் குடுக்கல."

"நானே எந்திரிப்பேன்" என்றேன். அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, குழந்தை சொன்னதற்குச் சிரிப்போமே அந்தச் சிரிப்பு. அதுதான் எனக்குச் சுட்டது. ஓணத்துக்குள்ளே தரையிலிருந்து யாரும் தொடாமல் எழுந்து காட்டுகிறேன், காட்டினால் சாவி எனக்கு, காட்டாவிட்டால் உனக்கு என்றேன். அவன் சரி என்றான். வசந்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது ஓணத்துக்கு ஒன்பது வாரம் இருந்தது.

மறுநாள் வசந்தா கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, பகல் வீட்டுக்குப் போனேன். ஃபிளாட்டிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிஷம். ஒரு ஓட்டு வீட்டை மகளிர் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்து நடத்துகிறது. ஒரு பெரிய கூடம், சுற்றி நாற்காலிகள், பதினாறு பதினேழு பேர் இருப்போம். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பிந்து என்ற பெண் வருவாள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கப் படித்தவள். இருபத்தெட்டு வயது இருக்கும், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். நடுவே ஒரு நாள் விடுவது எதற்கு என்றால், வேலை செய்த சதை அந்த இடைநாளில்தான் வளருமாம்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அணிவகுப்பு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். பிறகு கணுக்காலில் மணல் பையைக் கட்டிக் காலை நீட்ட வேண்டும். அந்தப் பைகளைப் பழைய சுடிதார் துணியில் பிந்துவே தைத்திருந்தாள், அரைக் கிலோ மணல் பிடிக்கும். பிறகு தரையில் உள்ள கோட்டின் மேலே ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை ஒட்டி வைத்து நடக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் அவித்த பயறும் ஒரு முட்டையும். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பால்.

கடைசிப் பயிற்சிதான் எனக்கு வினையாக வந்தது. கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும். பத்துத் தடவை. எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. பக்கத்தில் ஆண்களும் இருந்தார்கள், ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் உட்பட. அவர்கள் முன்னால் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் முந்தானையை மடியில் விரித்துப் போட்டேன். அதற்குள்ளே இரண்டு கையாலும் நாற்காலியை ஊன்றி எழுந்தேன். பார்க்கிறவர்களுக்குக் கை தெரியாது.

என் பக்கத்து நாற்காலி கமலம் மாமிக்கு. எண்பது வயது. கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து இங்கே வந்து மாட்டிக்கொண்டேன் என்பார். வாய் கூர்மை. நான் பத்து எண்ணி முடித்ததும் என் காதுக்கு அருகே குனிந்து, "ஏண்டியம்மா, நீ நாற்காலியை எழுப்பறயா, நாற்காலி உன்னை எழுப்பறதா?" என்றார். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் இப்படியே ஏமாற்றினேன். வீட்டுக்குப் போய் ஆறுமுகத்திடம், பத்து முடிகிறது என்று சொன்னேன். நாலாவது வாரம் திங்கட்கிழமை பிந்து என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"அம்மச்சி, மூணு வாரமா நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். முந்தானைக்கு உள்ளே கை இருக்கு. நான் ஒண்ணும் பறையல. பட்சே வீட்டிலே விழுந்தா, தரைக்குக் கைப்பிடி இல்லை, கேட்டோ."

எனக்கு முகம் எரிந்தது. என் பேத்தி வயதுப் பெண் என்னைக் கள்ளி என்கிறாள் என்று கோபம். புதன்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. வசந்தாவிடம் தலைவலி என்றேன். அந்த இரண்டு நாளும் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். அவள் கள்ளி என்று சொல்லவே இல்லை. மூன்று வாரம் போய்விட்டது, ஆறு வாரம்தான் மிச்சம். நான் ஏமாற்றியது பிந்துவை இல்லை. கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி விற்கிறவனை நான் எத்தனை தடவை வாய் கிழியத் திட்டியிருக்கிறேன். இப்போது நானே அதைச் செய்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போனதும் பிந்துவிடம், எனக்கு ஒன்றுகூட வராது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். தாசில்தாரும் கேட்டார். பிந்து உள்ளே போய் மூன்று ஜமுக்காளத்தை மடித்து எடுத்து வந்தாள். என் நாற்காலியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அதன்மேல் என்னை உட்காரச் சொன்னாள். உயரமாக இருந்தது. உயரத்திலிருந்து எழுவது சுலபம். கையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். கால் நடுங்கியது, ஆனால் எழுந்துவிட்டேன். அன்றைக்கு நாலு தடவை. அடுத்த வாரம் ஒரு ஜமுக்காளத்தை எடுத்தாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்றை. எட்டாவது வாரம் வெறும் நாற்காலியில் ஆறு தடவை எழுந்தேன். முட்டி வலிக்கும்போது, அது கெட்ட வலியா வேலை வலியா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். குத்தினால் கெட்ட வலி, நிறுத்த வேண்டும். எரிந்தால் வேலை வலி, அது மறுநாள் போய்விடும்.

அந்த வாரம்தான் தரை வந்தது. பிந்து கூடத்தில் பாய்களை வரிசையாக விரித்துவிட்டு, எல்லோரும் படுங்கள், விழுந்தால் எப்படி எழுவது என்று பழகலாம் என்றாள். ஒருவரும் படுக்கவில்லை. எல்லோரும் பாயைச் சுற்றி நின்றோம். பிந்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கமலம் மாமிதான் சொன்னார்.

"வடக்கே தலை வெச்சுப் படுக்கச் சொல்றாளே இந்தப் பொண்ணு. எனக்கு இன்னும் நாழி ஆகலைடி."

எல்லோரும் சிரித்தார்கள். பாயைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டாள். மாமி உட்பட நாலைந்து பேர் படுத்தார்கள். நான் படுக்கவில்லை. திசை மாறினாலும் எனக்குத் தரை தரைதான்.

எங்கள் வீடுகளில் உயிர் பிரிகிற நேரத்தில் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்துவார்கள். என் வீட்டுக்காரரை அப்படி இறக்கியது நானும் ஆறுமுகமும்தான். நான் தலைப்பக்கம் பிடித்தேன், அவன் கால்பக்கம். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அதற்குப் பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் நான் வெறும் பாயில் படுத்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று பிந்துவிடம் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை. பாயில் என் பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள். சுடிதாரோடு, வகுப்பு எடுக்கிற பெண். "இனி நம்ம ரண்டு பேரும் எழுந்திரிக்கலாம்" என்றாள். நான் படுத்தேன். முதுகில் தரை குளிர்ந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

எழுகிற விதத்தைச் சொல்கிறேன், படிக்கிறவர்களுக்கு உதவும். விழுந்தால் உடனே எழப் பார்க்கக் கூடாது. மூச்சு விட்டுக் கையும் காலும் அசைகிறதா, எங்காவது பலமாக வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலமாக வலித்தால் அசையாமல் குரல் கொடுக்க வேண்டும். வலி இல்லை என்றால் முழங்காலை மடக்கி ஒரு பக்கமாக உருள வேண்டும். முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி, குழந்தை தவழ்கிற மாதிரி நாலு காலில் வர வேண்டும். அப்படியே தவழ்ந்து நாற்காலியிடமோ ஸ்டூலிடமோ போக வேண்டும். அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, பலமுள்ள காலை முன்னால் ஊன்றி எழும்பி, திரும்பி உட்கார வேண்டும். அவ்வளவுதான். சொல்ல நாலு வரி. எனக்கு அந்த முன்னால் வைக்கிற கால் பதினோரு நாள் வரவில்லை.

ஓணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆறுமுகத்தை வரச் சொன்னேன். கடையை அடைத்துவிட்டு வந்தான். வசந்தாவும் வந்தாள். நான் பாயில் படுத்தேன். உருண்டேன். நாலு காலில் வந்தேன். தவழும்போது கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. சேலை முட்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டது. அதை இழுத்துவிடக் கையைத் தூக்கினேன், உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

அடுத்த நொடி இரண்டு கை என் அக்குளுக்குக் கீழே வந்தது. ஆறுமுகம் என்னை அப்படியே தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டான். அவன் மூச்சு வாங்குவது என் கழுத்தில் பட்டது. போதும்மா, போதும், சாவி கிடக்கட்டும், நீ தரையில் கிடக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஐம்பது வயது நெருங்குகிறவன், கூடத்தில் எல்லோரும் பார்க்க என் சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

கமலம் மாமி, "ஏண்டா அம்பி, பரீட்சை உனக்கா, உங்கம்மாவுக்கா?" என்று கேட்டார். ஆனால் குரலில் கூர்மை இல்லை.

பிந்து என்னைப் பார்த்தாள். யாராவது தொட்டால் அது செல்லாது என்று எனக்கே தெரியும். கொண்டையை முடிந்தேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். அவனைக் கூப்பிட்டேன்.

"ஏல ஆறுமுகம். அப்பாவைக் கிடத்தினது வேற. நான் எந்திரிக்கதுக்காகக் கிடக்கேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு அங்க சுவத்துல சாஞ்சு நில்லு."

அவன் போய் நின்றான். கையைப் பின்னால் கட்டினானா என்று பார்த்த பிறகுதான் நான் படுத்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. உருண்டேன், முழங்கை, உள்ளங்கை, நாலு கால். நாற்காலி தூரமாகத் தெரிந்தது. தவழ்ந்து போய்ச் சேர்ந்தேன். இரண்டு கையையும் வைத்து இடது காலை முன்னால் கொண்டுவந்தேன். கால் வந்தது. எழும்பும்போது தொடை எரிந்தது, குத்தவில்லை. நடுவில் ஒரு தடவை அப்படியே நின்றுவிட்டேன், மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பிறகு போனேன். நின்றேன். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே அவனைப் பார்த்தேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். தொடவில்லை. "சாவி உன்ட்டயே இருக்கட்டும்மா" என்றான். பிறகு, குளிக்கிற இடத்தில் கம்பி போடுவேன், தினம் காலையில் போன் பண்ணுவேன், புதன்கிழமை பகல் வீட்டுக்கு வண்டி அனுப்புவேன், இந்த மூன்றுக்கும் மறுப்புச் சொல்லக் கூடாது என்றான். மூன்றுக்கும் சரி என்றேன். அவனுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா.

ஓணம் கழிந்த மூன்றாம் நாள் சந்து வீட்டுக்கு வந்தேன். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. திங்களும் வெள்ளியும் வீட்டிலேயே மணல் பை கட்டிப் பயிற்சி செய்கிறேன். புதன்கிழமை பகல் வீடு. அங்கே நாற்காலியிலிருந்து பத்து எழுகிறேன், முந்தானை தோளில் கிடக்கிறது.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்து இந்தப் பக்கத்தைக் காலியாகவே வைத்திருந்தேன். போன மாதம் பின்கட்டில் துணி காயப் போடும்போது வழுக்கி விழுந்தேன். வீட்டில் யாரும் இல்லை. குரல் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கொடுக்கவில்லை. மூச்சு விட்டுப் பார்த்தேன். கை கால் அசைந்தது. உருண்டு, தவழ்ந்து, துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது, கொடியில் போட்ட துணி பாதி காய்ந்திருந்தது. முழங்கையில் மட்டும் தோல் உரிந்தது. மறுநாள் ஆறுமுகம் போன் பண்ணியபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. முந்தானைக்குள்ளே கை வைக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன் என்று மேலே எழுதிவிட்டு, இதை எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செல்வியின் மகள் உமா லீவுக்கு வந்திருக்கிறாள். ஆறுமுகத்தின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அவர்கள் படித்தது மலையாளம். உமா நாகர்கோவிலில் படிக்கிறவள், என் எழுத்தையும் வாசித்துவிடுவாள். ஆறுமுகமும் வந்திருக்கிறான், வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது.

ஏட்டி உமா, இங்க வா. மாமாவுக்கு அந்த நாற்காலியை இழுத்துப் போடு. முதல்லேருந்து சத்தமா வாசி. கடைசிப் பக்கம் வரைக்கும் வாசி, ஒரு வரியும் விட்டுராத.